ஜாக்கி ஏறியது, கார் ஏறவில்லை!

எங்கள் ஊரின் பெயர் இரும்பை. புதுச்சேரிக்கு வடக்கே, ஆரோவிலுக்கு அடுத்தாற்போல், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஞானசம்பந்தர் பாடிய தலம். எட்டாம் வகுப்பில் எனக்குத் தமிழ் நடத்திய ஐயா இங்கே வந்திருந்தால் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கேட்டிருப்பார்: “இரும்பை... இது எந்த வேற்றுமைடா?”

“இரண்டாம் வேற்றுமை ஐயா. செயப்படுபொருள்.”

“சரி. எழுவாய் எங்கே, பயனிலை எங்கே? இரும்பை யார் என்ன செய்கிறார்கள்?”

அன்றைக்குக் கேட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏறியிருப்பேன். இப்போது பதில் தெரியும். பதினாலு மாசமும், வெளியில் சொல்ல முடியாத ஒரு தொகையும் செலவழித்துத் தெரிந்துகொண்ட பதில்: இரும்பை உப்பு தின்கிறது.

ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன்.

உப்பளங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத மரக்காணம் போயிருந்தேன். அங்கே எதையாவது ஓலை போட்டு மூடியிருந்தால் அது உப்பு அம்பாரம் என்று அர்த்தம். ஓய்வுபெற்ற உப்பு வியாபாரி ஒருவரின் கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஓலைக் குவியல் மட்டும் என்னை இரண்டு கண்ணாலும் பார்த்தது. வட்டமான இரண்டு ஹெட்லைட். மேலே இருந்த ஓலையைத் தள்ளினேன். சிவப்பு கார். ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1966 மாடல், இரண்டு கதவு. கூரை மட்டும் இல்லை.

“கூரை எங்கே ஐயா?”

“அது எதுக்கு தம்பி? கழட்டிட்டேன். அப்ப நமக்கு வாலிப வயசு. இது ஸ்போர்ட்ஸ் காரு. இங்கிலாந்துல ஸ்பிட்ஃபயர்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதுக்கு இது கூடப்பொறந்த அண்ணன்.”

வண்டி அங்கே நின்று பதினோரு வருஷம் ஆகியிருந்தது. விலை, ஒரு புது ஸ்கூட்டரின் விலை. நான் பி.காம். படித்தவன். வரவு, செலவு, தேய்மானம் எல்லாம் அறிந்தவன். ஒரு சிவப்புக் காரின் முன்னால் நிற்கும்போது அந்தப் பட்டம் எதற்கும் உதவவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பெரியவர் அளந்தது பொய்யில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில் தெரிந்தது. கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனி 1959-ல் ஹெரால்டை வெளியிட்டது. உருவம் வரைந்தவர் ஜியோவான்னி மிகெலாட்டி என்ற இத்தாலிக்காரர். அந்த நாளில் மற்ற கம்பெனிகள் பாடியையும் அடிச்சட்டத்தையும் ஒரே கூடாகச் செய்ய ஆரம்பித்துவிட்டன. இவர்களுக்குப் பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டிக்காரர்கள் வாங்கிப் போட்டுவிட்டார்கள். கூடு செய்ய ஆள் இல்லை. என்ன செய்வது? பழைய முறைப்படி அடியில் ஒரு இரும்புச் சட்டம், அதன் மேல் துண்டு துண்டாகப் பாடி, எல்லாவற்றையும் போல்ட் போட்டு முடுக்கு! மேஸ்திரி கிடைக்காதவன் வீட்டுக்குப் பதில் பந்தல் போட்ட கதை.

அந்தப் பந்தல்தான் 1961-லிருந்து சென்னையிலும் தயாரானது. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ்கூட ஓடியது. 1962-ல் அதே சட்டத்தைக் குட்டையாக்கி, அதே மிகெலாட்டி ஒரு இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை வரைந்தார். அதுதான் ஸ்பிட்ஃபயர். 1980 வரைக்கும் தயாரானது. ஆக, என்னிடம் இருப்பது ஸ்பிட்ஃபயரின் அண்ணன். அண்ணன்களுக்கே உரிய முறையில் கொஞ்சம் நிதானமானவர். 948 சி.சி. எஞ்சின், சுமார் 35 குதிரைசக்தி.

வண்டியை மினி லாரியில் ஏற்றி வந்து முந்திரி மரத்தடியில் இறக்கினேன். வீட்டம்மா வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

“என்னங்க இது?”

“ஸ்போர்ட்ஸ் கார்.”

“ஓடுமா?”

“ஓடும்.”

“ஓடறதை எதுக்கு லாரியில ஏத்திக்கிட்டு வந்தீங்க?”

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு வணிகவியலில் பாடம் கிடையாது.

என் மகளுக்கு அப்போது ஆறு வயசு. அவள் மட்டும் வண்டியைச் சுற்றி இரண்டு தடவை ஓடிவிட்டு, “அப்பா, என் பொறந்தநாளுக்கு இதுல கடலுக்குப் போலாமா?” என்றாள். போகலாம் என்றேன். நாலு மாசம் இருந்தது. சத்தியமும் செய்துகொடுத்தேன். அதுதான் வினை.

ஹெரால்டின் பானெட்டைப் பார்த்திருக்கிறீர்களா? மட்கார்டு, ஹெட்லைட்டோடு சேர்ந்து மூக்கு முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு சாவகாசமாக எஞ்சின் பார்க்கலாம். மெக்கானிக் ஆகவேண்டும் என்ற ஆசையை எனக்குள் கிளப்பியது அந்த பானெட்தான். மற்ற கார்களில் குனிந்து பார்க்கவேண்டும். இதில் உட்கார்ந்து பார்க்கலாம். உட்கார்ந்து செய்யும் எந்த வேலையும் எனக்குப் பிடிக்கும்.

சோலக்ஸ் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. 1966-ம் வருஷத்து ரப்பர் குழாய்க்கு அது ஒத்துக்கொள்ளாது, ஊறிப் பிசுபிசுத்துப் போகும். அதனால் குழாய்களை எல்லாம் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றினேன். பிளக்கின் இடைவெளி 25 தவ், பாயின்ட் இடைவெளி 15 தவ். ‘தவ்’ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அளக்க கேஜ் இல்லாதவர்கள் அந்தக் காலத்தில் விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்ப்பார்களாம். நானும் செருகினேன். ‘எழுத்தாளர்’ என்று போட்டு இருநூறு கார்டு அச்சடித்து வைத்திருந்தேன். முதல் தடவையாக ஒன்று உபயோகப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு எஞ்சின் இருமி, தும்மி, ஓட ஆரம்பித்தது. முந்திரி மரத்துக் காக்கை எல்லாம் பறந்தன. மகள் கை தட்டினாள். வீட்டம்மா காப்பி கொடுத்தாள், கேட்காமலேயே! அந்த உற்சாகத்தில் பெயின்ட் வாங்கி அடித்தேன், ரத்தச் சிவப்பு. பம்பரைத் தேய்த்துப் பளபளக்க வைத்தேன். சீட்டுக்குப் புது உறை. செலவை எல்லாம் வீட்டுக் கணக்கு நோட்டில் எழுத தைரியம் இல்லை. பி.காம்.காரர்களுக்குத் தெரியும், கணக்கு இடித்தால் தற்காலிகமாகத் தூக்கிப் போட ‘சஸ்பென்ஸ் அக்கவுண்ட்’ என்று ஒன்று உண்டு. சஸ்பென்ஷன் செலவை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் எழுதிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பிறந்தநாளுக்கு இன்னும் எட்டு நாள். ஒரு சின்னக் குறை மட்டும் பாக்கி. இடதுபக்கக் கதவு, அதாவது மகள் உட்காரப் போகிற பக்கத்துக் கதவு, சரியாக மூடவில்லை. வண்டியில் ஆள் இல்லாதபோது மூடுகிறது. ஆள் உட்கார்ந்தால் இடிக்கிறது. கீலுக்கு எண்ணெய் போட்டேன். பூட்டை அரம் வைத்து ராவினேன். கதவை ஓங்கிச் சாத்தினேன். அது திருப்பி என்னை முறைத்தது.

கீழே ஏதாவது தட்டுகிறதோ என்று பார்க்க ஜாக்கியை ஓரச் சட்டத்துக்கு அடியில் கொடுத்துச் சுற்றினேன். ஜாக்கி ஏறியது. கார் ஏறவில்லை. இன்னும் சுற்றினேன். ஜாக்கி மேலும் ஏறியது. கார் அப்படியே இருந்தது. பௌதிக விதிப்படி இது நடக்கக் கூடாது. ஜாக்கியின் தலை எங்கே போனது என்று கதவைத் திறந்து பார்த்தால், என் புது மிதியடியைத் தள்ளிக்கொண்டு காருக்குள்ளே எட்டிப் பார்க்கிறது!

கோட்டக்குப்பத்தில் ஒரு பாய் இருக்கிறார். நாற்பது வருஷமாக டிங்கரிங் வேலை. அவரைப் போய் அழைத்து வந்தேன். பாய் புதுப் பெயின்டைப் பார்க்கவே இல்லை. பம்பரைப் பார்க்கவில்லை. நேரே தரையில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கீழே இருந்த சட்டத்தில் குத்தினார். டிங் என்று சத்தம் வந்த இடத்தில் நகர்ந்தார். சத்தம் வராத இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போனது. பிடுங்கினால் செங்கல் பொடி மாதிரி கொட்டியது. கூடவே பட்டி, அதற்குள் சுருட்டி வைத்த செய்தித்தாள்! யாரோ முன்னொரு காலத்தில் ஓட்டையில் பேப்பரை அடைத்து, மேலே பட்டி பார்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நானும் என் பங்குக்கு அதன் மேல் இன்னொரு கோட் ரத்தச் சிவப்பு.

“கதவுதான் பாய் மூட மாட்டேங்குது...”

“கதவு நல்லாத்தான் இருக்கு தம்பி. கதவு மூடலைன்னா கதவுல கோளாறுன்னு யார் சொன்னது? வண்டி நடுவுல மடங்குது. கூரையும் கழட்டியாச்சு, கீழ சட்டமும் போச்சு. முன்னாடி பாதியையும் பின்னாடி பாதியையும் இப்ப எது புடிச்சிக்கிட்டு இருக்கு, சொல்லுங்க?”

எனக்குத் தெரிந்து பெயின்ட்தான்.

“இதுல யாரைக் கூட்டிக்கிட்டுப் போறதா இருந்தீங்க?”

சொன்னேன். பாய் ஒன்றும் பேசவில்லை. ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். ஈ.சி.ஆர். ரோடு, எதிரே வரும் ஆம்னி பஸ், பக்கத்தில் ஆறு வயசுப் பெண், மூடாத கதவு என்று எல்லாம் வரிசையாக என் கண் முன்னால் ஓடியது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரும்பை உப்பு எப்படித் தின்கிறது என்று அதற்கப்புறம்தான் படித்தேன். சமையலறையில் பாருங்கள், மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும். யாரும் ஊற்றவில்லை. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலோர ராத்திரிகளில் 75 சர்வசாதாரணம். காரின் மூலைமுடுக்கில் படிந்த உப்பும் அப்படித்தான். மழையே இல்லாவிட்டாலும் ராத்திரி தோறும் இரும்பு நனைகிறது. வெறும் தண்ணீரைவிட உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துரு பிடிப்பதே அடிப்படையில் மின்சார வேலை என்பதால், உப்பு சேர்ந்தால் ஓவர்டைம். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அதனால் பெயின்டை உப்பிப் பிளந்துகொண்டு வரும். மேலே சின்னக் கொப்புளம் தெரிகிற அன்றைக்கு உள்ளே கல்யாணமே முடிந்திருக்கும். பதினோரு வருஷம் உப்புக் கொட்டகைக்குப் பின்னால் நின்ற வண்டி இது. ஊறுகாய் மாதிரி ஊறியிருக்கிறது.

வருமான வரிக் கணக்கில் காருக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம். மிச்சத்தில் 15, அதன் மிச்சத்தில் 15 என்று போய்க்கொண்டே இருக்கும். ஆயுசுக்கும் பூஜ்யம் ஆகாது. வரி இலாகாவுக்கு இருக்கும் இந்தக் கருணை உப்புக்குக் கிடையாது.

பிறந்தநாளுக்குக் கடலுக்குப் பஸ்ஸில் போனோம். மகள் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். வழியில் ஒரு சிவப்புக் கார் எங்களைத் தாண்டிப் போனது. அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை.

அடுத்த பத்து மாசம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பாய் வந்தார். நான் எடுபிடி. முதல் நாளே ஒரு பாடம். வண்டியை ஜாக்கியில் தூக்கிவிட்டு நான் அடியில் தவழ்ந்து போனேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் காலை யாரோ பிடித்துத் தரதரவென்று இழுத்தார்கள்.

“ஜாக்கி தூக்கறதுக்குத்தான் தம்பி. தாங்கறதுக்கு இல்ல. முட்டு குடுக்காம உள்ள போனா, அப்புறம் உங்களை எடுக்க இன்னொரு ஜாக்கி வேணும்.”

அன்றிலிருந்து நாலு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் உதவாது, பாரம் ஏறினால் சொல்லாமல் கொள்ளாமல் உடையும் என்றார்.

இரண்டாவது பாடம், பெட்ரோல் டேங்க். ஹெரால்டில் அது டிக்கிக்குள் இருக்கும். காலி டேங்க்தானே, இருக்கட்டும் என்றேன். “ரொம்பின டேங்கைவிடக் காலி டேங்குதான் மோசம். உள்ள ஆவி இருக்கும். ஒரு பொறி போதும்” என்று கழற்றித் தோட்டத்துக் கோடிக்கு அனுப்பினார். பேட்டரியும் போனது. அப்புறம்தான் வெல்டிங் மெஷின் உள்ளே வந்தது.

மூன்றாவதுதான் முக்கியம். உளுத்த சட்டத்தை வெட்டுவதற்கு முன்னால் கதவு இருக்கும் இடைவெளியில் குறுக்கே ஆங்கிள் இரும்பு அடித்து வண்டியை அசையாமல் கட்டினார். நடுவில் ஓடும் முதுகெலும்புச் சட்டம் நல்லவேளையாகப் பிழைத்திருந்தது. அதிலிருந்து இரண்டு பக்கமும் நீளும் கைகள்தான் பாடியைத் தாங்குகின்றன. போனது அவைதான். ஒரு சமயத்தில் ஒரே ஒரு கையை மட்டும் வெட்டுவார். 2 மில்லிமீட்டர் தகட்டை மடித்துப் புதுக் கை செய்து பற்றவைப்பார். கதவு இடைவெளியைச் சுற்றிலும் அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால்தான் அடுத்தது. “எல்லாத்தையும் ஒண்ணா வெட்டிட்டா திரும்பச் சேர்க்க அடையாளம் வேணாமா? வாழைப்பழமாட்டம் வளைஞ்சிடும்.” ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கைகூட முடியாது. முடிந்ததும் பாஸ்பாரிக் அமிலம் தடவி, துத்தநாக பிரைமர் அடித்து, சட்டத்துக்குள்ளே மெழுகும் எண்ணெயும் கலந்து ஊற்றி, தண்ணீர் வடியக் கீழே ஒரு ஓட்டையும் போட்டார்.

“இவ்வளவு அடைச்சிட்டு ஏன் பாய் ஓட்டை?”

“தண்ணி எப்படியும் உள்ள வரும் தம்பி. வந்த தண்ணி போறதுக்கு வழி வேணும்ல?”

அடுத்து கூரை. தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டியில் ஆர்.சி.க்கு மாறாக இஷ்டத்துக்கு மாற்றம் செய்யக் கூடாது என்கிறது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு. 2021-ல் வந்த விதிப்படி 50 வயசு தாண்டிய வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் வண்டி பழைய உருவம் மாறாமல் இருக்கவேண்டும். மொட்டைத் தலையோடு போனால் கேட்பார்கள். ஹெரால்டில் நல்ல விஷயம், கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது. கழற்றினதைத் திரும்ப மாட்டலாம். கழற்றினது எங்கே?

மறுபடி மரக்காணம். பெரியவர் யோசித்து யோசித்துக் கடைசியில் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். பம்புசெட்டுக்கு மேலே நாற்பது சொச்சம் வருஷமாக வெயிலையும் மழையையும் தாங்கிக்கொண்டு என் கூரை உட்கார்ந்திருந்தது. அதன் மேலே ஒரு கோழி. பதிலுக்கு ஒரு தகரக் கூரை போட்டுக் கொடுத்துவிட்டு வாங்கி வந்தேன். (சஸ்பென்ஸ் அக்கவுண்ட், பக்கம் 9.)

கூரையை முடுக்கிய அன்று எனக்குக் கொஞ்சம் தொண்டையை அடைத்தது. ஸ்போர்ட்ஸ் கார் போய்விட்டது. நிற்பது இரண்டு கதவு வைத்த சாதாரண குடும்பக் கார். பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்சக்கரத்தைக் காட்டினார். ஹெரால்டின் பின் ஆக்ஸில் இரண்டு பக்கமும் தனித்தனியாக மடங்கும் ரகம். வேகமாக வளைவில் போய், பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரம் உள்பக்கமாக மடங்கிப் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். தம்பி ஸ்பிட்ஃபயருக்கும் இதே வியாதி இருந்து, 1970-ல்தான் ஸ்பிரிங்கை மாற்றி வைத்தியம் பார்த்தார்கள். “இதுல உங்களுக்கு என்ன ஸ்போர்ட்ஸ் வேண்டிக்கெடக்கு? மெதுவா ஓட்டுங்க. அழகாத் திரும்பும்.” வாஸ்தவம். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பும் கார் இது. என் வாசலில் ஆட்டோக்காரர்களே அசந்து நின்றார்கள்.

விண்டேஜ் மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். பதிவு கிடைக்கும் வரை ரோட்டில் இறக்குவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குள்ளேயே முந்திரி மரங்களைச் சுற்றி ஒரு ஓட்டம். மகளுக்கு இப்போது ஏழு வயசு. இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தாள். கதவை இழுத்தாள். ஓங்கிக்கூடச் சாத்தவில்லை, இரண்டு விரலால்தான். டக். மூடிக்கொண்டது. பாய் திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி டீயைக் குடித்தார்.

நாலு சுற்று, மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகம். மூன்றாவது சுற்றில் கேட்டாள்.

“அப்பா, இது இப்ப ஸ்போர்ட்ஸ் காரா, சாதா காரா?”

“கதவு மூடற கார்மா.”

உங்களில் யாராவது பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா? பெயின்டைப் பார்க்காதீர்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்காதீர்கள். எஞ்சினை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்துகொள்ளலாம். ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரோடு போங்கள். விற்கிறவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, அடியில் குத்திப் பாருங்கள். குத்தவே கூடாது என்று அவர் பதறினால், அதுவே பதில். நான் முதல் நாள் செய்யவேண்டியதை நாலு மாசம் கழித்துச் செய்தேன். அதுவும் நானாகச் செய்யவில்லை, ஜாக்கி செய்தது.

கடைசியாக ஒரு தர்மசங்கடம். இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வந்ததும் முதலில் பிரித்துப் படிப்பவள் வீட்டம்மா. சஸ்பென்ஸ் அக்கவுண்ட் பற்றி அவளுக்கு இதுவரை தெரியாது. அடுத்த வாரம் இந்தப் பக்கம் வரவில்லை என்றால், காரணம் என்ன என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.